சேத்தக் ஸ்டார்ட் ஆகலயா? கார்ப்ரேட்டரை கழட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

அப்பாவோட 1989 மாடல் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் பதினோரு வருஷமா மாட்டுக்கொட்டாய் ஓரத்துல ஒரு சிமென்ட் ஷீட்டுக்கு கீழ நின்னுச்சு, சீட்டு மேல கோழி ஏறி உக்காரும், ஸ்டெப்னி வீலுக்குள்ள எலி குடும்பம் நடத்துச்சு. அதை திரும்ப ரோட்டுல ஓட வைக்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு. அதுல அஞ்சு மாசம் கார்ப்ரேட்டரை (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான்) கழட்டி கழுவி மாட்டி, ஜெட்டை (அதுல பெட்ரோல் போற குட்டி துளை) மாத்தி, கிட்டை மாத்தி, திரும்ப கழட்டியே போச்சு. கடைசில பாத்தா கார்ப்ரேட்டர்ல ஒண்ணுமே இல்ல.

அதனால இதை அறிகுறி வாரியா எழுதுறேன். வண்டி என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு அந்த இடத்துக்கு போங்க. இது 2 ஸ்ட்ரோக் சேத்தக்குக்கு எழுதுனது, 145 சிசி, கைல கியர் மாத்துற வண்டி. பஜாஜ் சூப்பர், பிரியா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வம்சம்தான், எல்எம்எல் வெஸ்பால சில விஷயம் மாறும். பின்னாடி வந்த 4 ஸ்ட்ரோக் சேத்தக் வேற ஜாதி, அதுக்கு இது ஒத்துவராது.

வருஷக்கணக்கா நின்ன வண்டியா? முதல்ல உதைக்காதீங்க

இதுதான் எல்லாரும் பண்ற தப்பு, ஆசை தாங்காம கவரை விலக்குன உடனே கிக்கர் மேல ஏறி நின்னுடுவோம். ரிங் பிஸ்டனோட ஒட்டிப் போயிருக்கும், சிலிண்டர் சுவத்துல துரு லேசா படிஞ்சிருக்கும், அந்த நிலைல உதைச்சா ரிங் உடைஞ்சு சிலிண்டர்ல கோடு போட்டுடும். ஸ்பார்க் பிளக்கை கழட்டி அந்த ஓட்டை வழியா ரெண்டு ஸ்பூன் 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்குற ஆயில்) ஊத்தி ரெண்டு நாள் விட்டுடுங்க. அப்புறம் மேக்னட் ஃபேனை (இன்ஜினோட சேந்து சுத்துற காந்த சக்கரம்) கையால மெதுவா முன்ன பின்ன ஆட்டுங்க, கொஞ்சம் கொஞ்சமா சுத்த ஆரம்பிக்கும். சுத்தலன்னா இன்னும் ரெண்டு நாள், அவசரம் வேண்டாம்.

டேங்கை மூடியை திறந்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் வராம பழைய வார்னிஷ் வாசம் வந்தா ஒரு சொட்டு விடாம காலி பண்ணுங்க. உள்ள துரு இருந்தா டேங்கை இறக்கி ஒரு கைப்பிடி நட்டு போல்ட் போட்டு வினிகர் ஊத்தி ஒரு நாள் ஊற வெச்சு குலுக்கணும், அப்புறம் சோடா மாவு கலந்த தண்ணில அலசி, வெயில்ல நல்லா காய வெச்சு, கொஞ்சம் 2டி கலந்த பெட்ரோலை உள்ள சுத்தி விடணும், இல்லன்னா மறுநாளே திரும்ப துரு பிடிக்கும். பெட்ரோல் டேப்பை கழட்ட நீளமான டி ஸ்பேனர் வேணும், சாதா ஸ்பேனர் உள்ள போகாது. நான் லேத் பட்டறைல ஒரு பைப்பை வெட்டி வெல்டு வெச்சு பண்ணிக்கிட்டேன்.

பெட்ரோல் டியூபை யோசிக்காம மாத்திடுங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, அந்த காலத்து ரப்பரை அது ஊற வெச்சு கொழகொழன்னு ஆக்கிடும், அந்த துணுக்கு போய் ஜெட்ல உக்காரும், நீங்க கார்ப்ரேட்டரை திட்டுவீங்க.

இன்னொண்ணு, சைலன்சர் ஓட்டைல ஒரு கம்பி விட்டு பாருங்க. குளவி மண்கூடு கட்டியிருக்கும். எனக்கு இருந்துச்சு.

உதைச்சு உதைச்சு கால் வலி, ஒரு தும்மல் கூட இல்ல

பத்து உதை உதைச்சுட்டு பிளக்கை கழட்டி நுனியை பாருங்க, ஈரமா இருக்கா காய்ஞ்சிருக்கா, அவ்ளோதான், அடுத்து எங்க போகணும்னு அதுவே சொல்லிடும்.

பிளக் நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, கரண்ட்தான் இல்ல. பிளக்கை கேப்ல மாட்டி, அதோட இரும்பு உடம்பு ஹெட்ல படுற மாதிரி வெச்சு உதைங்க (பிளக் ஓட்டைக்கு பக்கத்துல வெக்காதீங்க, அதுலேர்ந்து பெட்ரோல் ஆவி வரும், குப்புனு பிடிக்கும்). நீலமா பட்டுன்னு அடிச்சா நல்ல கரண்ட். மஞ்சளா சோம்பலா வந்தா பத்தாது. முதல்ல வேற பிளக், இடைவெளி 0.6 மி.மீ. அப்புறம் பிளக் கேப், அப்புறம் வயர். பழைய மாடல்னா பாயிண்ட் (மேக்னட் சுத்தும்போது திறந்து மூடி கரண்டை வெட்டி விடுற சாமான்), அதுல ஒரு படலம் படிஞ்சிருக்கும், நைஸ் எமரி ஷீட்டை மடிச்சு நடுவுல விட்டு இழுத்துட்டு, பெட்ரோல்ல நனைச்ச துணியால துடைச்சுட்டு இடைவெளியை 0.4 மி.மீ. பக்கத்துல வைங்க. பாதி வண்டி இதுலயே உயிர் வந்துடும்.

பிளக் காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வந்து சேரல. டேப் திறந்திருக்கா, டியூபை கழட்டினா தாராளமா ஊத்துதா, கார்ப்ரேட்டர்ல டியூப் மாட்டுற இடத்துல ஒரு குட்டி வலை இருக்கும் அது அடைச்சிருக்கா, இந்த வரிசைல பாருங்க. இவ்ளோ பாத்ததுக்கு அப்புறம்தான் கார்ப்ரேட்டரோட முறை.

நல்ல கரண்ட் இருக்கு, பிளக்கும் நனையுது, ஆனா ஸ்டார்ட் ஆகல, இல்லன்னா கிக்கர் திருப்பி உதைக்குதா? மேக்னட்டை கழட்டி ஹாஃப் மூன் கீயை (மேக்னட்டை கிராங்க் தண்டுல நகராம பிடிக்கிற அரை வட்ட இரும்பு) பாருங்க. அது வெட்டுப்பட்டா மேக்னட் கொஞ்சம் நகந்து டைமிங் போயிடும், கரண்ட் வரும், ஆனா தப்பான நேரத்துல வரும். மேக்னட்டை புல்லர் (இழுத்து எடுக்குற டூல்) போட்டுத்தான் எடுக்கணும், சுத்தியலால தட்டி எடுத்தவங்க எல்லாம் அப்புறம் கிராங்கும் சேத்து வாங்கியிருக்காங்க.

சாய்ச்சாதான் ஸ்டார்ட் ஆகுது

இதை படிக்கிற பாதி பேருக்கு அப்பா இல்லன்னா மாமா காலைல வண்டியை ஒரு பக்கமா படுக்கப் போட்டு நிமித்தி உதைச்சது ஞாபகம் இருக்கும். அதை ஏதோ சேத்தக்கோட குணம்னே நெனச்சுட்டு இருந்தோம். குணம் இல்லங்க, குறை. ராத்திரி முழுக்க நின்னதுல கார்ப்ரேட்டர் கிண்ணத்துல இருந்த பெட்ரோல் குறைஞ்சு போயிருக்கும், மிதவை ஊசி ஒட்டிக்கிட்டு புதுசா உள்ள விடாது, சாய்ச்சா மிதவை அசைஞ்சு ஊசி விடுபடும், கொஞ்சம் பெட்ரோல் தளும்பி உள்ளயும் போகும், அதுல ஸ்டார்ட் ஆகுது.

எப்பயாவது ஒரு நாள்னா பரவால்ல. தினமும் சாய்க்கணும்னா சோக்கை (ஆறுன இன்ஜினுக்கு பெட்ரோலை ஜாஸ்தி குடுக்குற அமைப்பு) முதல்ல பாருங்க. சோக் நாபை இழுத்தாலும் கேபிள் நீண்டு போய் உள்ள சோக் தூக்கவே மாட்டேங்கும், நிறைய வண்டில சோக் செத்து பத்து வருஷம் ஆயிருக்கும், சாய்க்கிற பழக்கம் அதை மறைச்சுட்டு இருக்கும். கேபிளை சரி பண்ணிட்டு மிதவை ஊசியும் அந்த குட்டி வலையும் சுத்தம் பண்ணா என் வண்டி இப்ப நிமிந்து நின்னே ரெண்டாவது உதைல ஸ்டார்ட் ஆகுது, அப்பாவுக்கு அதை நம்பவே முடியல, பழக்க தோஷத்துல இன்னமும் ஒரு தடவை சாய்ச்சுட்டுதான் உதைக்கிறாரு.

பத்து நிமிஷம் ஜோரா ஓடுது, அப்புறம் மூச்சு திணறி நிக்குது

ரெண்டு வியாதி இருக்கு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்.

நின்ன உடனே சீட்டை தூக்கி டேங்க் மூடியை திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு, அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆனா மூடில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள காத்து வரணும், வரலன்னா பெட்ரோல் இறங்காது. ஊசி விட்டு குத்துனா முடிஞ்சுது. இதுக்காக ஒரு கடைல என்கிட்ட புது கார்ப்ரேட்டர் போட சொன்னாங்க, நானும் போட்டேன், சொல்ல வெக்கமா இருக்கு.

மூடியை திறந்தும் பிரயோஜனம் இல்ல, இருபது நிமிஷம் ஆறுனாதான் ஸ்டார்ட் ஆகுதுன்னா அது கரண்ட் பக்கம். சூடு ஏறுனா கண்டென்சரோ இக்னிஷன் காயிலோ படுத்துக்கும், ஆறுனா எந்திரிச்சுக்கும். அதனால வீட்ல ஆறுன இன்ஜின்ல டெஸ்ட் பண்ணா எல்லாம் நல்லாதான் காட்டும். ஒரு ஸ்பேர் பிளக்கை டூல்ஸோட வெச்சுக்கிட்டு, நின்ன அந்த இடத்துலயே, சூடு ஆறுறதுக்குள்ள கரண்ட் பாக்கணும். பாயிண்ட் வண்டில கண்டென்சர் போயிருந்தா பாயிண்ட் நடுவுலயே பெரிய பொறி பறக்கும், பாயிண்ட் முகமும் சீக்கிரம் கருகும். எலக்ட்ரானிக் வண்டில பிக்கப் காயில், சிடிஐ (பாயிண்ட்டுக்கு பதிலா வர்ற எலக்ட்ரானிக் பெட்டி) ரெண்டுல ஒண்ணு, ஓடுற வண்டிலேர்ந்து சிடிஐயை கடன் வாங்கி மாட்டி பாக்குறதுதான் சீப்பான டெஸ்ட்.

ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் கத்திக்கிட்டே இருக்கு

என்னோட அஞ்சு மாசம் போனது இங்கதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சிக்னல்ல நிப்பேன், ஆக்சிலேட்டரை மூடுவேன், இன்ஜின் இறங்காது, ஒரு மாதிரி ஊளையிட்டுக்கிட்டே இருக்கும், மெதுவா இறங்கும், சில சமயம் இறங்காமயே ஏறும். ஐடில் ஸ்க்ரூவை குறைச்சா சிக்னல்ல ஆஃப் ஆயிடும். எல்லாரும் சொன்னது கார்ப்ரேட்டர் டியூனிங் சரியில்லன்னு. நானும் மிக்சர் ஸ்க்ரூவை (பெட்ரோல் காத்து கலவையை கூட்டி குறைக்கிறது) கால் சுத்து அரை சுத்துன்னு திருப்பிக்கிட்டே இருந்தேன், ஒரு நாள் சரியா இருக்கிற மாதிரி இருக்கும், மறுநாள் மழை பெஞ்சா மாறிடும், ஒரு நிலைல நிக்கவே நிக்காது.

ஒரு நிலைல நிக்காத டியூனிங்னாலே எங்கயோ காத்து ஒழுகுதுன்னு அர்த்தம். 2 ஸ்ட்ரோக்ல கிராங்க் இருக்கிற அறை வழியாத்தான் பெட்ரோல் காத்து கலவை போகுது, பிஸ்டன் மேல போகும்போது அந்த அறை உறிஞ்சும். அந்த அறைக்கு எங்க ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்து உள்ள வந்து கலவையை தண்ணியாக்கிடும். காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி, அதோட 2டியும் கம்மி. கத்துறது மட்டும் பிரச்சனை இல்ல, இப்படியே ஹைவேல வெரட்டுனா பிஸ்டன் சூடு ஏறி சீஸ் ஆகும் (சிலிண்டர்ல இறுகிக்கும்), ஓடிக்கிட்டிருக்கும்போது பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கும், அந்த நேரத்துல கிளட்சை பிடிச்சா பொழச்சீங்க.

பிளக்கை பாருங்க. காப்பித்தூள் கலர்னா நல்லாருக்கு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி.

தேடுற வரிசை இது. முதல்ல ஆக்சிலேட்டர் கேபிள் ஒட்டுதான்னு பாருங்க, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் திருப்பும்போது சத்தம் ஏறுனா கேபிள்தான். அடுத்து கார்ப்ரேட்டரை பிடிச்சிருக்கிற ரெண்டு நீள போல்ட். இதை பலம் கொண்ட மட்டும் இறுக்குவாங்க, கார்ப்ரேட்டர் உடம்பு வளைஞ்சு போயிடும், வளைஞ்சா அடில காத்து ஒழுகும், உள்ள ஸ்லைடும் சிக்கும். ஒரு கண்ணாடி மேல கார்ப்ரேட்டரை வெச்சு ஆட்டி பாருங்க, டக் டக்னு ஆடுனா வளைவு. கண்ணாடி மேல வாட்டர் பேப்பரை ஒட்டி எட்டு போடுற மாதிரி தேய்ச்சா சமமாகும், அப்புறம் புது பேக்கிங் போட்டு கை நிதானத்துல இறுக்குங்க. அடுத்து இன்ஜின் ஓடும்போது சிலிண்டர் அடி பேக்கிங், கார்ப்ரேட்டர் அடி, ரெண்டு கேஸ் சேர்ற கோடு, இங்கெல்லாம் சோப்பு தண்ணியை ஸ்ப்ரே பண்ணுங்க, அடிச்ச இடத்துல நுரை உள்ள இழுபட்டாலோ சத்தம் சட்டுன்னு மாறுனாலோ அதுதான் ஓட்டை. (சிலர் இதுக்கு பெட்ரோல் அடிப்பாங்க. சூடான இன்ஜின் மேல, அதுவும் வீட்டு வாசல்ல, வேண்டாம்.)

இதெல்லாம் சரியா இருந்தா பாக்கி மேக்னட் பக்க ஆயில் சீல். மேக்னட்டை எடுத்து, காயில் பிளேட்டை எடுத்தா தெரியும் (எடுக்குறதுக்கு முன்னாடி பிளேட்டுக்கும் கேஸுக்கும் சேத்து ஒரு கோடு கீறிடுங்க, அதுதான் உங்க டைமிங்). உள்ள ஈரமா, கருப்பு எண்ணெய் தெறிச்சிருந்தா சீல் போச்சு. என் வண்டில சீல் உதடு கல்லு மாதிரி இறுகி, நகத்தால கிள்ளுனா உதிந்துச்சு. பதினோரு வருஷம் காய்ஞ்ச ரப்பர் வேற எப்படி இருக்கும். சீல் விலை ரெண்டு பேர் டிபன் சாப்பிடற காசு கூட இல்ல, அதுக்கு முன்னாடி நான் வாங்கி போட்ட கார்ப்ரேட்டர் கிட் மட்டும் மூணு.

சீல் மாத்துறப்ப கிராங்க் முனையை பிடிச்சு மேல கீழ ஆட்டி பாத்துடுங்க. ஆட்டம் இருந்தா பேரிங் போயிருக்கு, அதுல புது சீல் போட்டா ஒரு மாசம் தாங்காது.

கொசு மருந்து வண்டி மாதிரி வெள்ளைப் புகை

2 ஸ்ட்ரோக்னா புகை வரும், ஸ்டார்ட் பண்ண முதல் ரெண்டு நிமிஷம் ஜாஸ்தியாவே வரும், அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. அரை மணி நேரம் ஓட்டியும் தெருவே மறையுதுன்னா முதல்ல உங்க கையை பாருங்க. லிட்டருக்கு 20 மில்லி 2டி, 3 லிட்டருக்கு 60 மில்லி, அளந்து ஊத்துங்க. "இன்ஜினுக்கு நல்லது"ன்னு கண்ணை மூடிட்டு ஊத்துற ஆளுங்க இருக்காங்க, பிளக் நடுவுல கரி பாலம் கட்டி நட்டநடு ரோட்டுல நிக்குறதும் அவங்கதான். 2டியை முதல்ல ஊத்தி அது மேல பெட்ரோல் பிடிச்சா நல்லா கலக்கும்.

அளவு சரி, ஆனாலும் புகை, கூடவே கியர் ஆயில் அடிக்கடி குறையுது, கீழ ஒரு சொட்டு ஒழுகல. அப்ப அந்த ஆயில் எங்க போகுது? கிளட்ச் பக்க சீல் வழியா கிராங்க் அறைக்குள்ள போய் எரியுது. உறுதி பண்ண கியர் ஆயிலை இறக்கி மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் அடிச்சா சந்தேகமே இல்ல, உறிஞ்சும்போது ஆயில் உள்ள போகுது, தள்ளும்போது பெட்ரோல் இந்த பக்கம் வருது. இன்ஜின் ஐடில்ல இருக்கும்போது ஆயில் ஊத்துற ஸ்க்ரூவை கழட்டினா அந்த ஓட்டைல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தும் அடிக்கும். இந்த சீலுக்கு இன்ஜினை ரெண்டா பிரிக்கணும், முதல் தடவை தனியா பண்ணாதீங்க, பிரிச்சு பழகுன ஒருத்தரை பக்கத்துல உக்கார வைங்க, டீ வாங்கி குடுங்க. ஒரு தடவை பிரிச்சா ரெண்டு சீல், பேரிங், பேக்கிங் செட் எல்லாத்தையும் சேத்து மாத்திடுங்க, அந்த வேலையை ரெண்டாவது தடவை பண்ண யாருக்கும் மனசு வராது.

ஓடுது, ஆனா இழுவை இல்ல

சமதளத்துல 40ஐ தாண்ட மாட்டேங்குது, மேம்பாலம் ஏறும்போது ரெண்டாவது கியர் கேக்குது. பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு சக்கரத்தை தூக்கி சுத்தி பாருங்க (சிரிக்காதீங்க, நிறைய பேருக்கு இதுதான்). அப்புறம் சைலன்சர். 2டி எரிஞ்ச கரி உள்ள தார் மாதிரி அப்பிக்கிட்டு புகை வெளிய போக வழி இருக்காது, புகை போகலன்னா புதுக் கலவை உள்ள வர இடம் இருக்காது. வாயில கை வெச்சா காத்து சுரத்தில்லாம வரும். அந்த காலத்துல சைலன்சரை வறட்டி போட்டு தீயில வாட்டி தட்டுவாங்க, இப்ப கிராமத்துல இடம் இருந்தா பண்ணலாம், பெயின்ட் போயிடும், புகை பக்கத்து வீட்டை துரத்தும். காஸ்டிக் சோடா கரைசலும் வேலை செய்யும், ஆனா தண்ணிலதான் சோடாவை கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணி ஊத்துனா பொங்கி முகத்துல அடிக்கும், கையுறை கண்ணாடி இல்லாம தொடாதீங்க, ஹெட்டு, பிஸ்டன் மாதிரி அலுமினிய சாமான் எதுவும் அதுல பட்டுடக் கூடாது, கரைச்சுடும். புது சைலன்சர் கிடைச்சா நான் புதுசுதான் போடுவேன்.

அப்படியே ஹெட்டை கழட்டி பிஸ்டன் தலைல இருக்கிற கரியையும், புகை வெளிய போற வாசல்ல இருக்கிற கரியையும் மூங்கில் குச்சியால சுரண்டிடுங்க, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கோடு விழும்.

இதுக்கப்புறமும் இழுக்கல, பிளக் ஓட்டைல கட்டை விரலை வெச்சு உதைச்சா விரலை தள்ளக்கூட இல்லன்னா, ரிங், சிலிண்டர் தேஞ்சு போச்சு. லேத்ல குடுத்து போரிங் பண்ணி ஓவர் சைஸ் பிஸ்டன் போடணும். பிஸ்டனை முதல்ல வாங்கி கைல குடுத்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ண சொல்லுங்க. சென்னைல இருக்கிறவங்க ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு அலைஞ்சா பழைய ஸ்டாக் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

கியர் குதிக்குது, கிளட்ச் நழுவுது

கியர் போட்டா தானா நியூட்ரலுக்கு வருதா? முதல்ல ஹேண்டில்லேர்ந்து போற ரெண்டு கியர் கேபிளையும் அட்ஜஸ்ட் பண்ணுங்க, ஒண்ணு இறுக்கம் ஒண்ணு தொளதொளன்னு இருந்தா கியர் முழுசா விழாது. கேபிள் சரியா இருந்தும் ஆக்சிலேட்டர் குடுக்கும்போது குதிச்சா, கியருக்குள்ள பிளஸ் குறி மாதிரி ஒரு சாமான் நகரும், அதோட முனை மழுங்கியிருக்கும், இன்ஜினை பிரிக்கணும்.

கிளட்ச் நழுவுறதுக்கு பாதி காரணம் ஆயில். கார் கியர்பாக்ஸுக்கு வர்ற கெட்டி ஆயிலை ஊத்திடுவாங்க, இதுல கிளட்ச் பிளேட் ஆயில்லயே முங்கி இருக்கிறது, அதனால எஸ்ஏஇ 30 போதும், லெவல் ஓட்டைல வழியுற வரைக்கும். ரொம்ப நாள் நின்ன வண்டில பிளேட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கிளட்ச் பிடிச்சாலும் விடாது, கியர்ல போட்டு கிளட்சை பிடிச்சபடி முன்ன பின்ன தள்ளுனா விட்டுடும்.

எல்லாம் சரியான பிறகுதான் டியூனிங்

இன்ஜின் நல்லா சூடான பிறகு பண்ணுங்க. மிக்சர் ஸ்க்ரூவை மெதுவா முழுசா உள்ள திருப்பி, ஒன்றரை சுத்து வெளிய எடுங்க. ஐடிலை கொஞ்சம் தூக்கி வெச்சுட்டு மிக்சர் ஸ்க்ரூவை கால் கால் சுத்தா ரெண்டு பக்கமும் திருப்பி சத்தம் எங்க உச்சமா, சீரா இருக்கோ அங்க நிறுத்துங்க. இந்த கார்ப்ரேட்டர்ல வெளிய திருப்புனா பெட்ரோல் ஜாஸ்தி, அதனால அங்கேர்ந்து இன்னும் ஒரு பொட்டு வெளிய. அப்புறம் ஐடிலை இறக்குங்க. ஒரு தடவை முறுக்கி விட்டா சத்தம் உடனே இறங்கணும். எத்தனால் கலந்த பெட்ரோல்ல பிளக் கொஞ்சம் வெளுப்பா வந்தா மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசா போட்டு பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தி, ரெண்டு நாள் ஓட்டி, பிளக்கை பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க, நான் ஜெட்டும் பிளக்கும் டைமிங்கும் ஒரே ஞாயித்துக்கிழமைல மாத்திட்டு எது கெடுத்துச்சுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்.

வீல் வேலை பாக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ரிம் ரெண்டு துண்டு, நட்டு போட்டு சேத்து வெச்சிருப்பாங்க. காத்தை முழுசா இறக்காம அந்த நட்டை தொடாதீங்க, ரிம் பிளந்து அடிக்கும்.

ஒரு வாரம் வண்டி எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு தெரு முன்னாடியே டேப்பை மூடிடுங்க, கிண்ணத்துல இருக்கிறது வாசல் வரைக்கும் வரும். எனக்கு பிள்ளையார் கோயில் திருப்பத்துல மூடுனா கேட்டுக்கு ரெண்டடி முன்னாடி நிக்குது, அந்த ரெண்டடி தள்ளிக்கிட்டு போறேன்.